ஏழுமலை அண்ணனுக்கு லினக்ஸ் போட்ட கதை

லினக்ஸ் போட்டால் அரசாங்கத்துக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

காலேஜ் ஜூனியர்கள் குரூப்பில் ஒரு வாரமாக இதே சண்டை. வீட்டு லேப்டாப்பில் இருப்பதை எல்லாம் அரசாங்கம் இனிமேல் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும் என்று எவனோ ஒருவன் வாய்ஸ் நோட்டைத் தட்டிவிட்டிருக்கிறான். பாதிப் பேர் விண்டோஸை அழிக்கக் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் பைக் வேண்டாம், மேக் வாங்கிக் கொடு என்று அப்பாவிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் ஒருத்தி என்னை டேக் செய்து, "பெனிக்கா, இந்த வேலைல நீங்கதான் ரிட்டயர்டு ஆளு. நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ரிட்டயர்டுதான். வயது இருபத்தாறு. செங்கல்பட்டில் நவாஸ் பாய் கடையில் லேப்டாப் சர்வீஸ், ஓ.எஸ். போடுவது, தமிழ் டைப்பிங் மூன்றையும் பார்த்துவிட்டு போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று பாய் கடையை மூடினார். சும்மா மூடினால் வேலை போயிற்று என்பார்கள். அதனால் பாய் எனக்கு ஒரு சால்வை போட்டார். சால்வை போட்டுவிட்டால் அது பணி ஓய்வு. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் சால்வையோடு இறங்கினேன். எந்த வார்டில் ஜெயித்தேன் என்று ஒரு ஆன்ட்டி கேட்டார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று பி.சி.ஏ.வில் சொல்லிக் கொடுத்தார்கள். கீபோர்டுக்குள் கரப்பான்பூச்சி எந்தப் பக்கம் குடும்பம் நடத்தும் என்று கடையில் தெரிந்துகொண்டேன். இரண்டாவதுதான் சோறு போட்டது.

நவாஸ் பாய் யாரையும் நம்பமாட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, எதிரில் இருக்கிறவரைக் கண்ணாடி இல்லாமலேயே சந்தேகமாகப் பார்ப்பார். அவர் கடையில் ஒரு நடைமுறை உண்டு. வந்த ஆள் "ரகசியம்" என்று வாயைத் திறந்தால் போதும், பாய் டிபன் டப்பாவைத் திறப்பார். காலையில் அவர் வீட்டு நாஸ்தா வந்த அதே எவர்சில்வர் டப்பா. வந்தவருடைய போன் அதற்குள் போக வேண்டும். மூடிவிட்டால் சிக்னல் வெளியே போகாது, எவனும் ஒட்டுக் கேட்க முடியாது என்பது பாயின் சித்தாந்தம். பாதி நாள் டப்பாவுக்குள்ளிருந்து ரிங்டோன் கேட்கும். பாய் அதைக் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. கஸ்டமர்கள் வடகறி வாசனையோடு போனை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள்.

அடுத்தது ஒரு கேள்வி. "யாராண்டயிருந்து மறைக்கணும்?"

இதற்குப் பதில் வராமல் பாய் ஸ்க்ரூடிரைவரைத் தொடமாட்டார். பெரும்பாலும் பொண்டாட்டி, அப்பா, லோன் வசூலுக்கு வருகிறவன், இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். எப்போதாவது ஒருவர் "கவர்மெண்டு" என்பார். பாய் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எந்த கவர்மெண்டு? தாலுக்கா ஆபீஸா, டில்லியா?" என்பார். இந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

ஒருமுறை கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு ஐ.டி. பையன் புது மேக்கோடு வந்தான். கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமாம். "மேக்ல எவனும் உள்ள வர முடியாதுங்க. நான் அரசாங்கத்துக்கே சிக்காத ஆளு" என்றான். ஸ்டிக்கர் வெட்டும் நேரத்தில் பக்கத்துக் கடையில் ஆதாரும் கைரேகையும் கொடுத்து ஒரு சிம் வாங்கினான். எதிர் பேக்கரியில் பாயிண்ட் சேர்வதற்காகப் போன் நம்பரும் பிறந்த நாளும் சொன்னான். டீக்கு போனில் பணம் அனுப்பினான். டோல்கேட் கடந்ததற்கு மெசேஜ் வந்தது, அதை எனக்கே வாசித்துக் காட்டினான். பிறகு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு யாருக்கும் சிக்காமல் போனான்.

ஜூனியர்களே, டெக்னிக்கலாக நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். விண்டோஸ் நீங்கள் செய்வதில் கொஞ்சத்தைத் தன் கம்பெனிக்குச் சொல்லும். செட்டிங்ஸில் போய் அதைக் குறைக்கலாம். லினக்ஸின் உள்ளே எழுதியிருக்கும் புரோகிராமை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால் திருட்டுத்தனமாக எதையும் ஒளித்து வைப்பது கஷ்டம். மேக்கிலும் நல்ல பூட்டு இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் நீங்கள் யாரிடம் பேசினீர்கள் என்பது போன் கம்பெனியிடம் இருக்கிறது. எங்கே செலவு செய்தீர்கள் என்பது பேங்கில் இருக்கிறது. அரசாங்கம் கேட்டால் அவர்களைத்தான் கேட்கும். உங்கள் லேப்டாப் கிட்டேயே வராது. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஏழுமலை அண்ணனுக்கும் பிடிக்கவில்லை.

அவர் சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்துக்காரர். கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய தொழிற்சாலை, அதில் கான்ட்ராக்ட் வேலை. லேப்டாப்பை லுங்கியில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஊரில் மைக் பிடித்து அறிவிப்பு செய்கிறவர். மைக் இல்லாதபோதும் மைக் இருப்பதுபோலத்தான் பேசுவார்.

"இன்னா பாய், கவர்மெண்டு பாக்காத கம்ப்யூட்டரு நீ போட்டுத் தர்றியாமே. ஊரே பேசிகினு கீது" என்றார் வாசலில் நின்று.

எதிர் டீக்கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

பாய் டப்பாவைத் திறந்தார். "மெதுவா பேசு நைனா. போன இதுல போடு."

"இதுலயா? மசாலா வாசன வருதே."

"போடு. யாராண்டயிருந்து மறைக்கணும்?"

"கவர்மெண்டு."

"எந்த கவர்மெண்டு?"

"கேட் பாஸுக்கு வெரிஃபிகேஷன் பண்ணுதே, அந்த கவர்மெண்டு."

அவர் எழுந்து போகவில்லை. இப்படித் தெளிவாகப் பதில் சொன்ன முதல் கஸ்டமர் அவர்தான். விஷயம் இது: குப்பத்தில் படகு ஏற்றி வைக்கிற மணலில் ஒரு ரிசார்ட்டுக்காரர்கள் வேலி போட ஆரம்பித்திருந்தார்கள். ஊர் எதிர்த்தது. மனு எழுதுவது, கலெக்டர் ஆபீசுக்கு அலைவது, வேலி போட வந்தவர்கள் என்ன மிரட்டினார்கள் என்று குப்பத்துப் பெண்களைப் பேச வைத்து வீடியோ எடுப்பது எல்லாம் ஏழுமலை அண்ணன்தான். ஆனால் தொழிற்சாலைக்குள் போக அவருக்கு கேட் பாஸ் வேண்டும். அது முடிந்து புதுப்பிக்கும்போது போலீஸ் விசாரணை உண்டு. போராட்டத்துக்குத் தலைவர் என்று ஒரு வரி எழுதப்பட்டால் பாஸ் நிற்கும். பாஸ் நின்றால் வேலை இல்லை. அவருக்குக் கடலுக்குப் போகவும் முடியாது. படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற மீனவர்.

"அதான், விண்டோஸ எடுத்துட்டு வேற ஏதோ போட்டா போலீஸுக்குத் தெரியாதாமே. அத்தப் போடு" என்றார்.

"அண்ணே, லேப்டாப்ல இருக்கறது தெரியாது. நீங்க வெளிய பேசறது தெரியும்" என்றேன்.

"நான் எங்க பேசறேன் பாப்பா?" என்றார். டீக்கடையில் சிரிப்பு கேட்டது.

வேலையை ஆரம்பித்தேன். முதலில் வீடியோக்களை வெளி டிரைவில் எடுத்து வைத்தேன். பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினேன். பழையதை முழுவதும் துடைத்தேன். இன்ஸ்டால் ஆகும்போது டிஸ்க் முழுவதையும் பூட்டலாமா என்று ஒரு கட்டம் கேட்கும், அதில் டிக் போட்டேன். பூட்டினால் உள்ளே இருப்பது எல்லாம் யாருக்கும் புரியாத கந்தரகோலமாக மாறிவிடும். பாஸ்வேர்டு தெரிந்தவர் மட்டுமே திறக்க முடியும். மறந்தால் நானும் திறக்க முடியாது, பாயும் முடியாது, லினக்ஸைச் செய்தவனே வந்தாலும் முடியாது.

இங்கே பாயின் அடுத்த நடைமுறை. கஸ்டமர் பாஸ்வேர்டு போடும்போது கடையில் இருக்கும் எல்லாரும் எழுந்து வாசலில் நின்று ரோட்டைப் பார்க்க வேண்டும். போலீஸ் சொல்லி மாட்டிய சி.சி.டி.வி. கேமரா ஒன்று மேஜைக்கு நேர் மேலே இருந்தது. அதன்மேல் பாய் கர்ச்சீப்பைப் போட்டுவிடுவார்.

"ரோட்டப் பாருங்க எல்லாரும்" என்றார் பாய்.

நானும் பாயும் பிரிண்டர் ரிப்பேருக்கு வந்த ஒரு வாத்தியாரும் வரிசையாக நின்று ரோட்டைப் பார்த்தோம். பின்னாலிருந்து ஏழுமலை அண்ணன் குரல் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அழுத்திக்கொண்டிருந்தார். மைக் பழக்கம்.

டீ மாஸ்டர் எதிரிலிருந்து, "கயல்விழியா அண்ணாத்த? உன் பொண்ணு பேராச்சே" என்றார்.

மாற்றச் சொன்னோம். இரண்டாவது முறை ஒரு நம்பரைச் சொல்லிக்கொண்டே அடித்தார். "அது அவரு மச்சானோட படகு நம்பராச்சே" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர். மூன்றாவது முறைக்கு முன் பாய் எழுந்தார். டீக்கடைக்குப் போய் ஒரு முழு போண்டாவை வாங்கி வந்து ஏழுமலை அண்ணன் வாயில் வைத்தார். "இப்போ அடி" என்றார். ரோட்டைப் பார்த்தோம். பின்னால் கீபோர்டு சத்தம் மட்டும். இன்ஸ்டால் முடிந்ததும் வீடியோக்களை லேப்டாப்புக்குள் திருப்பிப் போட்டு, வெளி டிரைவைத் துடைத்தேன். அந்த பாஸ்வேர்டு என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் சர்வீஸில் நான் பார்த்த மிகப் பாதுகாப்பான பாஸ்வேர்டு, போண்டாவோடு அடித்ததுதான்.

கொஞ்ச நாள் கழித்து குணசேகரன் ஏட்டு வந்தார்.

ஏட்டு உளவுப்பிரிவு. மஃப்டியில்தான் இருப்பார். மஃப்டி என்றால் எப்போதும் அதே நீலக் கட்டம் போட்ட சட்டை. தூரத்தில் அந்தச் சட்டை தெரிந்தாலே "உளவு வருது" என்று டீ மாஸ்டர் சர்க்கரை இல்லாத டீக்குத் தண்ணீர் வைப்பார். ஏட்டுக்குத் தமிழ் டைப்பிங் வராது. மேலே அனுப்பும் ரகசிய அறிக்கை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்வேன். அவருடைய போனும் டிபன் டப்பாவுக்குள்தான் போகும். பாய்க்கு எல்லாரும் சமம்.

"மேல அந்தரங்கம்னு போடு பாப்பா. கொட்ட எழுத்துல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "பொருள், சதுரங்கப்பட்டினம் கடற்கரை வேலிப் பிரச்சினை."

என் கை நின்றுவிட்டது. பாய் சாலிடரிங் செய்வதை நிறுத்தவில்லை, ஆனால் ஈயம் மேஜையில் சொட்டியது. ஒரு கஸ்டமர் சங்கதி இன்னொரு கஸ்டமருக்குப் போகக் கூடாது என்பது கடை விதி. அதனால் நான் முகத்தை ஸ்கிரீனுக்குள் வைத்துக்கொண்டேன்.

"எழுது. மேற்படி போராட்டத்துக்குத் தலைமை வகித்து வருபவர் தசரதன், பந்தல் மற்றும் மைக் செட் உரிமையாளர்."

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. ஏழுமலை அண்ணன் பேரே இல்லை. ஆளை மாற்றிப் பிடித்திருந்தார் ஏட்டு. காரணமும் சொன்னார். "நோட்டீஸ்ல அவன் போன் நம்பர்தான் கீது."

சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. "விவரம் பத்தலயே" என்று ஏட்டு டப்பாவைத் திறந்து போனை எடுத்தார். "ஊர்க்காரன் எவனையாவது கேக்கணும். ஏழுமலைன்னு ஒருத்தன் கீறான். நல்லா வெலாவாரியா சொல்வான்."

பாய் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன் நின்றது. லைட் போனது. அறிக்கையைத் தடுக்க அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது அது.

"கரண்டு பூட்ச்சா? பாப்பா, டைப் ஆவுதா?" என்றார் ஏட்டு.

அது லேப்டாப். புது பேட்டரி வேறு. இருட்டில் ஸ்கிரீன் வெளிச்சம் ஏட்டு முகத்தில் பளிச்சென்று அடித்தது. "ஆவுது சார்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? பாய் போய் மறுபடியும் மெயினைப் போட்டார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "ஏழுமல, வேலி பிரச்சினைக்கு ரகசிய ரிப்போர்ட்டு எழுதிகினு கீறேன். கொஞ்சம் டவுட்டு."

"தோ சார், கலெக்டர் ஆபீஸாண்டதான் கீறேன். நேராவே வந்துர்றேன். போன்ல வோணாம் சார், எவனாச்சும் கேப்பான்."

வந்தார். மஞ்சள் பை, லுங்கி, லேப்டாப் எல்லாம் கையில். ஏட்டு அவருக்கு டீ சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, தன்னுடைய ரகசிய அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார். ஏழுமலை அண்ணன் ஸ்கிரீனைப் படித்துக்கொண்டே வந்தவர் தலைமை என்ற இடத்தில் நிமிர்ந்தார்.

"இன்னா சார் இது. தசரதனா?"

"அவன் நம்பர்தானய்யா நோட்டீஸ்ல கீது."

"அது வெளம்பரம் சார். சேர் போட்ட எடத்துல எல்லாம் அவன் நம்பரு இருக்கும். சாவு நோட்டீஸ்லயும் கீது. அதுக்காக செத்தவன் அவனா?"

மேஜைக்கு அடியில் அண்ணன் காலை ஓங்கி மிதித்தேன். பாய் இருமினார். ஏழுமலை அண்ணன் திரும்பியதும் பாய் மிகவும் மரியாதையாகக் கேட்டார், "ஏழுமல, ஒரு போண்டா துண்றியா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். இப்படியே எழுந்து போனால் கேட் பாஸ் வந்துவிடும். ஆனால் தசரதனுக்கு அரசு விழாக்களுக்கு நாற்காலி போட்டுத்தான் பிழைப்பு. இந்த ஒரு வரி மேலே போனால் அதற்குப் பிறகு எந்த ஆபீஸும் அவனை அழைக்காது. அண்ணன் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

பிறகு, "தசரதன் பேர எடுத்துரு சார்" என்றார்.

"எடுத்தா அப்போ யாருன்னு மேல கேப்பாங்க. யாராச்சும் ஒருத்தன் பேரு வோணும்யா."

"என் பேரப் போடு."

ஏட்டு பதறிவிட்டார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கண்காணிக்க வந்தவர், ஒளிந்துகொள்ளும்படி கெஞ்ச ஆரம்பித்தார். "யோவ், உன் பாஸு வெரிஃபிகேஷன் என்னாண்டதான்யா கீது. நானே இங்க நல்லவன்னு எழுதி, அங்க தலைவன்னு எழுதுனா என் வேல பூடும். பேஜாரு பண்ணாத. வாய மூடினு வூட்டுக்குப் போ."

"போட்டுக்கோ சார். தலைவருன்னு வோணாம். ஒருங்கிணைப்பாளர். கொட்ட எழுத்துல போடு பாப்பா."

தசரதனுக்காகச் சொன்னாரா, தன் வேலையை இன்னொருவன் பேரில் பார்க்கச் சகிக்காமல் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. கொட்டை எழுத்து என்றதால் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. டைப் செய்தேன். அப்பா பெயர், கதவு எண் எல்லாம் அவரே சொன்னார். ஏட்டு கேட்காத மாமனார் பெயரையும் சொன்னார்.

ஏட்டு பெருமூச்சு விட்டுவிட்டு, "பொம்பளைங்க பேசுன வீடியோ கீதாமே. யார் யாரு பேசுனது?" என்றார்.

ஏழுமலை அண்ணன் மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "என்னப் பத்தி இன்னா வோணா எழுதிக்கோ சார். அத மட்டும் கேக்காத. பேரு வெளிய வராதுன்னு சொல்லித்தான் பேச வெச்சேன்."

"பாப்பா, அவன் லேப்டாப்ப நீ தொறந்து காட்டு."

"முடியாது சார். நான் பூட்டினதுதான், ஆனா என்னால தொறக்க முடியாது."

"அந்த லினக்ஸுங்கறதாலயா?"

"இதே மாதிரி பூட்டுனா விண்டோஸையும் தொறக்க முடியாது சார். பாஸ்வேர்டு அவர் மண்டைல கீது. அவரா சொன்னாத்தான்."

ஏட்டு ஏழுமலை அண்ணனைப் பார்த்தார். மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கிற அந்த வாய் இறுக மூடியிருந்தது. இந்த முறை போண்டா தேவைப்படவில்லை.

"தொறக்க இயலவில்லைன்னு எழுது" என்றார் ஏட்டு. அவருக்கும் நிம்மதியாக இருந்த மாதிரிதான் தெரிந்தது.

பிரிண்ட் எடுத்தேன். அந்தரங்க அறிக்கையை ஏட்டு டேபிளில் வைத்து போனில் போட்டோ எடுத்து, போலீஸ் குரூப்பில் அங்கேயே அனுப்பினார். ஏழுமலை அண்ணன் தனக்கும் ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றார். ஏட்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்பக்கம் எடுக்காத, அதுல கையெழுத்து கீது" என்றார்.

ஆக, ஜூனியர்களே, நான் போட்டுக் கொடுத்த பூட்டு உடையவில்லை. உடைக்க ஒருத்தரும் வரவும் இல்லை. அந்தப் பெண்களில் ஒருவர் பேரும் வெளியே போகவில்லை. அண்ணனைப் பற்றிய அத்தனையும் அண்ணன் வாய் வழியாகப் போயிற்று. எதை வேண்டுமானாலும் இன்ஸ்டால் செய்யுங்கள். முதலில் யாரிடமிருந்து எதை மறைக்க வேண்டும் என்று ஒரு பதில் வைத்துக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் என்னை டேக் செய்யாதீர்கள். நான் ரிட்டயர்டு.

வேலிக்கு நட்ட கம்பங்கள் கம்பி இல்லாமல் நிற்கின்றன, கேஸ் நடக்கிறது. தசரதன் போன வாரம்கூட ஒரு அரசு விழாவுக்கு நாற்காலி போட்டான். ஏழுமலை அண்ணனுக்கு கேட் பாஸ் வரவில்லை. இப்போது மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து, ரூம் கேட்டு வருகிறவர்களிடம் ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார்.